ஞாயித்துக்கிழமை மாத்திரை: எங்க முடக்குவாதக் கூட்டத்துல நடந்த ஒரு நிகழ்வு ஆய்வு

எங்க கூட்டத்துல காலைல முதல் கேள்வி சாயா குடிச்சாச்சாங்கறது இல்ல, "கை அவுந்துச்சா?"ங்கறதுதான். முடக்குவாதம் உள்ளவங்களுக்கு இது உடனே புரியும். மத்தவங்களுக்குச் சொல்லணும்னா, எழும்பும்போது பத்து விரலையும் யாரோ ராத்திரி பசை போட்டு ஒட்டி வச்சுட்டுப் போன மாதிரி இருக்கும், அரை மணிக்கூர், ஒரு மணிக்கூர், மோசமான நாளுன்னா ரெண்டு மூணு மணிக்கூர் கழிச்சுதான் பைய பைய அவுரும். ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்னு டாக்டர் எழுதுவாங்க. தேய்மானம் கெடையாது, வயசானதால வர்றதும் கெடையாது, நம்ம உடம்புல காவலுக்கு நிக்கிற அணுக்களே மூட்டோட உள் சவ்வப் பகையாளின்னு நெனச்சு அடிக்கிற நோய். ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு கூடுதல். எங்க பதினொரு பேருல ஒம்பது பேரு பொம்பளைங்க.

நான் மார்த்தாண்டம் பக்கத்துல தையல் கடை வச்சிருக்கேன், கத்திரிக்கோல் பிடிக்க முடியாம போன அன்னைக்குத்தான் எனக்கு நோயே தெரிஞ்சுது. மருத்துவம் படிச்சவ இல்ல. இதுல வர்ற மருந்து விவரமெல்லாம் டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வச்சது. யாருக்கு நடந்துதோ அந்த அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "பேரு போடாத, ஊரு போடாத, ரப்பர் வெட்டுறவன்னு மட்டும் போடு மக்களே, அது கௌரவமாத்தான் இருக்கும்"னாங்க.

மாசத்துல ரெண்டாவது ஞாயிறு மத்தியானம் ஒருத்தர் வீட்டுத் திண்ணையில கூடுவோம், மரச்சீனிக் கிழங்கும் மொளகாச் சம்மந்தியும், கட்டஞ்சாயா. மத்த நாள்ல போன்ல வாய்ஸ் மெசேஜ், டைப் அடிக்க விரல் ஒத்துழைக்காதே. அதுல நோயப் பத்தி பேசறது கொஞ்சம்தான், இன்னைக்கு என்ன கறி, மழை உண்டா, துணி காஞ்சுதா, பேரப்பிள்ளைக்குப் பல்லு மொளச்சுதா, இதெல்லாம்தான் நெறைய. வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு இது வெட்டிப்பேச்சு. எங்களுக்கு அதுல ஒரு அளவுகோல் இருக்கு, தேங்கா. நம்ம ஊர்ல தேங்கா திருவாம ஒரு நேரத்த ஓட்ட முடியுமா? ஒரு முறி முழுசா திருவினேன்னா நல்ல நாள். அரை முறின்னா சுமார். "மருமவ திருவினா"ன்னு சொன்னா மேற்கொண்டு ஒண்ணும் கேக்க மாட்டோம்.

ஐப்பசி பொறந்தா எங்க கூட்டத்துக்குக் கலக்கம் வந்துரும். ஊட்டிக்காரங்க கேட்டா சிரிப்பாங்க, நாகர்கோவில்ல 20 டிகிரிக்குக் கீழ போறதே அபூர்வம், இதுல என்ன குளிருன்னு. ஆனா எங்க மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை), அந்த ரெண்டாவது மழை ஈரத்த வீட்டுக்குள்ள கொண்டு வந்து வச்சுட்டு மார்கழிகிட்ட ஒப்படைச்சுட்டுப் போவும். நோய் கூடுதோ இல்லியோ, விறைப்பு கூடுறது எங்களுக்குத் தெரியும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு முன்னேற்பாடு இருக்கு. ராத்திரியே பல்லு வெளக்குற பேஸ்ட்டு மூடியத் தொறந்து வச்சுட்டுப் படுக்கறது, பைப்பத் துணி சுத்தித் தொறக்கறது, எழும்பின ஒடனே வெந்நியில கைய முக்கி வச்சுட்டு ஜெபமோ சாமி பாட்டோ முடிக்கறது. கடல்கரையில இருந்து வர்ற அக்கா ஒருத்தங்க நவம்பர் கடைசி வாரம் ஒரு மெசேஜும் போட மாட்டாங்க. 2017 ஒக்கி புயல். யாரும் காரணம் கேக்க மாட்டோம், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் தேர் முடிஞ்சப்புறம் அவங்களே வந்து "என்ன கறி?"ம்பாங்க.

இனி பால்வெட்டு அக்கா. வயசு 53, குலசேகரம் பக்கம் மலையோரத்துல ஒரு விளையில (தோட்டத்துல) ரப்பர் வெட்டுறாங்க, நோய் வந்து ஆறு வருசம். இந்தத் தொழிலுக்கும் இந்த நோய்க்கும் ஒத்தே போகாது. விடிகாலையில மரத்துக்குள்ள பால் அழுத்தம் கூடுதலா இருக்கும், வெயில் ஏற ஏற கொறையும், அதனால இருட்டுலயே தலையில டார்ச்சு கட்டிட்டு எறங்கணும். எங்க கையி எந்த நேரத்துல சுத்தமா ஒதவாதோ அந்த நேரத்துலதான் கத்தியப் பிடிச்சு, பட்டைய ஒரு நூல் கனத்துக்குச் சீவி, தண்டுல படாம இழுக்கணும். குளிரு வந்தா பால் நல்லா எறங்கும், டிசம்பர்தான் நாலு காசு பாக்கற மாசம், அதுக்குப் பொறவு இலை உதிர்ந்துட்டா வெட்டு நிறுத்தணும். அதனால அக்கா ஐப்பசியிலேயே மார்கழிய நெனச்சு பயப்பட ஆரம்பிச்சுருவாங்க. மாத்திரை விசயத்துல எங்க எல்லாரையும் விட ஒழுங்கு, ஒரு வேளை தப்பாது. அந்த ஒழுங்குதான் இந்தக் கதையில வில்லன்னு சொன்னா நம்புவீங்களா?

அக்காவோட மருந்து மெத்தோட்ரெக்ஸேட் 10 மில்லிகிராம், வாரத்துக்கு ஒரே ஒரு தடவ, ஞாயித்துக்கிழமை. மத்த ஆறு நாளும் ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம். எங்க நோய்க்கு மொதல்ல குடுக்கற மருந்து மெத்தோட்ரெக்ஸேட்தான், எங்கள்ல எட்டு பேரு அதுலதான் ஓடுறோம். மொதல்ல ரத்தப் புற்றுநோய்க்குன்னு 1940கள்ல வந்தது, பீமாவரத்துல பொறந்த எல்லப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவுல இருந்தப்ப அவரோட குழு செஞ்ச மருந்து வரிசையில ஒண்ணு. மூட்டு நோய்க்கு அமெரிக்காவுல அனுமதி கெடச்சது 1988ல. நெட்டுல தேடுனா மொதல்ல கேன்சர்னு வரும், பாத்துட்டு பயந்து நிறுத்துன ஆளும் எங்க கூட்டத்துல உண்டு (நிறுத்திட்டு மூணு மாசம் கழிச்சு வீங்கின கையோட திரும்ப வந்தாங்க). எங்களுக்குக் குடுக்கறது ரொம்பச் சின்ன அளவு. அதோட சூட்சுமமே வாரத்துக்கு ஒருதடவங்கறதுதான். ஃபோலேட்டுங்கற சத்து அணு பெருகறதுக்கு வேணும், இந்த மருந்து அதத் தடுக்குது. ஒரு நாள் தடுத்துட்டு ஆறு நாள் விட்டுட்டா ஒடம்பு சமாளிச்சுக்கும். நெதம் தடுத்தா, வேகமா பெருகிட்டே இருக்கற எடமெல்லாம் மொதல்ல அடி வாங்கும், வாயோட உள்தோல், குடல், எலும்பு மஜ்ஜை.

அக்காவுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, எண்ணு தெரியும். அவங்க வச்சிருந்த அடையாளம் எளிசானது. 10 போட்டது ஞாயித்துக்கிழமை, 5 போட்டது மத்த நாளு. ஆறு வருசமா தப்பாத கணக்கு.

அந்த வருசம் அக்டோபர் பாதியில இருந்து விடாம மழை, விளைக்காரரு மரத்துக்கு மழைக்காப்பு பிளாஸ்டிக் போடல, பதினெட்டு நாள் வெட்டு இல்ல, கூலியும் இல்ல. பஸ்சுக்கும் டெஸ்ட்டுக்கும் காசு வேணுமேன்னு அக்கா அந்த மாசம் டாக்டர்கிட்ட போகல. மோன்கிட்ட பழைய சீட்டக் குடுத்து மாத்திரை மட்டும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அவன் வேலை பாக்கற எடத்துக்குப் பக்கத்துக் கடையில வாங்கினான். வழக்கமா வாங்கற கடையில நாலே நாலு மாத்திரைய வெட்டி, கவர்ல போட்டு, தமிழ்ல 'ஞாயிறு'ன்னு எழுதிக் குடுப்பாங்க. இந்தக் கடையில 10 மில்லிகிராம் ஸ்டாக் இல்ல. 5 மில்லிகிராம் அட்டை ஒண்ணக் குடுத்து, "ஞாயித்துக்கிழமை ரெண்டா போடச் சொல்லு"ன்னு வாயால சொல்லி விட்டாங்க. மோன் வந்து அப்படியே அம்மாகிட்ட சொன்னான், அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா எந்த அட்டையில இருந்து ரெண்டுன்னு அவன் சொல்லல, அம்மாவும் கேக்கல. கையில இப்போ ரெண்டு அட்டை, ரெண்டுலயும் மஞ்ச மாத்திரை, ரெண்டுலயும் 5.

திங்கக்கிழமை காலைல அக்கா ஒரு அட்டைய எடுத்துப் பிரிச்சாங்க. அது மெத்தோட்ரெக்ஸேட்.

திங்கள்ல இருந்து சனி வரைக்கும் தினம் ஒண்ணு. ஞாயிறு அதே அட்டையில இருந்து ரெண்டு. அடுத்த திங்கள் ஒண்ணு, செவ்வாய் ஒண்ணு. ஒம்பது நாள்ல பத்து மாத்திரை, 50 மில்லிகிராம். அந்த ஒம்பது நாளுக்கு உள்ளது 10தான். காப்பாத்தறதுக்குன்னு இருக்கற ஃபோலிக் ஆசிட் ஒண்ணு கூட உள்ள போகல. இதுக்கு நடுவுல வலிக்குன்னு பெட்டிக்கடையில டைக்ளோஃபினாக் வாங்கி மூணு நாள் போட்டிருக்காங்க. மெத்தோட்ரெக்ஸேட் கிட்னி வழியாத்தான் வெளிய போகணும், வலி மாத்திரை அத மெதுவாக்கும். ஆக உள்ள போறதும் கூடுதல், வெளிய போறதும் தாமசம்.

இப்போ நாங்க அந்த நாள்ல என்ன பேசிட்டிருந்தோம்னு சொல்றேன், வாய்ஸ் மெசேஜெல்லாம் இப்பவும் இருக்கு, திரும்பக் கேட்டா எனக்கு வெக்கமா இருக்கு.

சனிக்கிழமை அக்கா: "இண்ணு சாயா குடிச்சப்ப வாயி எரிஞ்சுது, சூடு கூடிப்போச்சு போல." நான்: "மழையில குளிரும், உள்ள சூடும், அப்படித்தான் அக்கா." ஞாயிறு ஒண்ணும் இல்ல, பூசைக்குப் போனதும் நெய்மீன் வெல கேட்டு மயக்கம் வந்ததும் மட்டும். திங்கள்: "மீன்கறி கூட்ட முடியல்ல பிள்ளே, நாக்கு ஓரமெல்லாம் தோலு உரிஞ்சாப்ல, கஞ்சியும் ஆறவச்சுக் குடிச்சேன்." அதுக்கு ஆறு பேரு பதில் போட்டோம். மணத்தக்காளிக் கீரைய தேங்காப்பால்ல வச்சுக் குடிங்கன்னு ஒருத்தங்க, கொய்யா எலைய மெல்லுங்கன்னு ஒருத்தங்க, பி காம்ப்ளெக்ஸ் போடுங்கன்னு டீச்சர், நான் தேன் தொட்டு வைக்கச் சொன்னேன். பதினொரு பேருல எட்டு பேரு அதே மாத்திரை திங்கறவங்க, வாய்ப்புண்ணு அதோட மொதல் எச்சரிக்கைன்னு ஒவ்வொருத்தர் சீட்டு எழுதுறப்பவும் டாக்டர் சொல்லியிருப்பாங்க, ஒருத்தருக்கும் தோணல. கீரை தோணிச்சு.

எங்க கூட்டத்துல ஒரு ரிட்டயர்டு கிளார்க்கு அண்ணன் இருக்காரு. பென்சன் வாங்கியும் ஆபீஸ் அவர விடல. யாரு என்ன சொன்னாலும் எத்தன, எப்போ, எதுலன்னு கேப்பாரு. தேங்கா திருவுனேன்னா பெரிய தேங்காயா சின்னதான்னு கேப்பாரு. நானே ரெண்டு தடவ அவர மியூட்ல போட்டிருக்கேன், உண்மையச் சொல்லணும்ல.

செவ்வாய் சாயங்காலம் ஏழு மணிக்கு அக்கா, குரலே ஒரு மாதிரி கொழஞ்சு: "வயிறு ரெண்டு நாளா சரியில்ல, லேசா காச்சலும் உண்டு. மாத்திரை ஒரு அட்டை தீந்துட்டு, மோன்கிட்ட சொல்லணும்."

கிளார்க்கு அண்ணன்: "எந்த அட்டை?"

"தினசரி போடுறது. அஞ்சு போட்டது."

"எத்தன நாளாச்சு வாங்கி?"

"போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு."

"அப்போ மத்த அட்டையில என்ன போட்டிருக்கு?"

கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. எடுத்துப் பாக்கறாங்க போல. பொறவு: "அதுலயும் அஞ்சுதான்."

அதுக்கப்புறம் அண்ணன் மெசேஜ் போடல, நேரா போன் பண்ணிட்டாரு. பக்கத்து வீட்டுப் பிள்ளை, எட்டாங்கிளாஸ் படிக்கிறா, அவளக் கூப்பிட்டு காலி அட்டைய வாசிக்கச் சொன்னாரு. நானும் லைன்ல இருந்தேன். பிளாஸ்டிக் நசுங்கின எடத்துல எழுத்து கிழிஞ்சிருந்துச்சு, அவ ஒவ்வொண்ணா சொன்னா, எம், இ, டி, எச்... எச் வந்ததும் எனக்குக் கையும் காலும் ஓடல.

அந்த ராத்திரியே போயிருக்கணும். நாங்க போகல. மழை, ஓடையில தண்ணி ரோட்டுக்கு மேல ஓடுது, ஆட்டோ வராதுங்கறாங்க, "ராவுல எங்க போறது, விடியட்டு"ன்னு அக்காவே சொன்னாங்க, நாங்களும் சரின்னுட்டோம். காச்சலும் இருந்து இந்த மருந்தும் கூடிப்போன ஆளுக்கு ஒரு ராத்திரிங்கறது சின்ன விசயம் இல்லன்னு மறுநாள் டாக்டர் மொகத்தப் பாத்தப்பதான் வெளங்கிச்சு. ஒண்ணு மட்டும் சரியா செஞ்சோம், இனி ஒரு மாத்திரையும் தொடாதீங்க, வலி மாத்திரையும் வேண்டாம், எல்லா அட்டையையும், காலியானதயும் சேத்துப் பையில போட்டு எடுத்துட்டு வாங்கன்னு சொன்னோம். அந்தக் காலி அட்டைதான் ஆஸ்பத்திரியில முழுக் கதையையும் சொல்லிச்சு.

புதன் காலைல ரத்தம் எடுத்தாங்க. வெள்ளையணு 1,900, கொறஞ்சது 4,000 இருக்கணும். தட்டணு (பிளேட்லெட்) 62,000, ஒண்ணரை லட்சம் இருக்கணும். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் 1.5, அதுவும் கூடுதல். வாயத் தொறக்கச் சொல்லி டார்ச்சடிச்சப்ப நானும் எட்டிப் பாத்தேன், கன்னத்து உள்பக்கம் முழுக்க வெள்ளையா வெந்து கெடந்துது, கீழ்உதட்ட மடக்கினா ரத்தம் கசியுது. தேன் தொட்டு வைக்கச் சொன்ன எடம் அது.

ஃபோலினிக் ஆசிட் ஊசி போட்டாங்க. பேருல ஃபோலிக் ஆசிட் மாதிரி இருந்தாலும் அது வேற. மெத்தோட்ரெக்ஸேட் வழிய அடைச்சு வச்சிருக்கறப்ப ஃபோலிக் ஆசிட்டால அந்த அடைப்பத் தாண்ட முடியாது, இது தாண்டிப் போயிரும். கூடவே சலைன், காச்சலுக்கு ஆன்டிபயாட்டிக், பார்க்க வர்றவங்க கட்டுப்பாடு. எட்டு நாள். ஆறாவது நாள்தான் எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சுது, வீட்டுக்கு விடும்போது வெள்ளையணு 4,300. மொதல்ல கேட்டது பழங்கஞ்சியும் சுட்ட கருவாடும். கஞ்சி மட்டும் கெடச்சுது.

யாரு தப்புன்னு ஒரு பேச்சு ஊர்ல நடந்துது, மோனப் போட்டு வறுத்தாங்க. எனக்கு அது பிடிக்கல. ஒரு தையல் பிசகினா நான் துணிய மட்டும் பாக்க மாட்டேன், அளவெடுத்தது யாரு, வெட்டினது யாரு, நூல் எதுன்னு பின்னால போவேன். இதுலயும் அப்படிப் போனா, மாத்திரை அளவு மாறினது சீட்டுல ஏறல, கவர்ல கெழமை எழுதல, வாய்ச்சொல்லு ரெண்டு கை மாறிச்சு, மழை கூலியத் தின்னுச்சு, கூலி இல்லாததால மாச டெஸ்ட்டு போச்சு, ரெண்டு மருந்தும் ஒரே நெறத்துல ஒரே எண்ணுல வருது. இதுல ஒண்ணு சரியா இருந்திருந்தாலும் தப்பிச்சிருக்கலாம். வாரத்துக்கு ஒண்ணத் தினசரி போட்டு ஆளு சாகறது உலகம் முழுக்க நடக்குது, 2019ல ஐரோப்பாவுல மருந்துக் கட்டுப்பாட்டுக்காரங்க இதுக்குன்னே தனி விதி கொண்டு வந்தாங்க, டப்பாவுல எச்சரிக்கை, நோயாளிக்குக் கெழமை எழுதின அட்டை. அடுத்த வருசம் பிரிட்டன்லயும் செஞ்சாங்க. அங்க படிச்சவங்களுக்கே நடக்கற தப்பு. எங்க அக்காவுக்கு எண்ணு ரெண்டு தெரியும், அந்த ரெண்டுல ஒண்ணக் கடைக்காரர் எடுத்துட்டாரு, அவ்வளவுதான்.

எங்க தப்பு வேற. நாங்க அறிகுறியக் கேட்டோம், கேட்டுட்டு வைத்தியம் சொன்னோம். கேள்வி கேட்டது ஒரே ஆளு.

அடுத்த ரெண்டாவது ஞாயிறு கூட்டத்துல எல்லாரும் அவங்கவங்க மாத்திரைப் பைய எடுத்துட்டு வந்தோம், திண்ணையில கொட்டிப் பாத்தோம். எனக்கே ரெண்டு கடை, ரெண்டு கம்பெனி அட்டை. டீச்சர் பையில போன வருச மாத்திரை. மெத்தோட்ரெக்ஸேட் உள்ளவங்க எல்லாரும் அட்டை முதுகுல மார்க்கர் பேனாவால கெழமைய எழுதினோம், பேனா பிடிக்க முடியாத விரலுக்கு நான் எழுதிக் குடுத்தேன். வாய்ப்புண்ணு, காச்சல், விடாத வயித்துப்போக்கு இந்த மூணுல எதச் சொன்னாலும் பதிலுக்குக் கீரை சொல்லக்கூடாது, மாத்திரைய நிறுத்தி வச்சுட்டு அன்னைக்கே டாக்டரப் பாத்து ரத்தம் டெஸ்ட்டு பண்ணச் சொல்லணும்னு முடிவு. கிளார்க்கு அண்ணன் கேள்விக்கு எரிச்சல்படக் கூடாதுன்னு யாரும் தீர்மானம் போடல, ஆனா இப்போ யாரும் மியூட்ல போடறதில்ல.

அக்கா தனக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, அது எங்க யாருக்கும் தோணாதது. ஞாயித்துக்கிழமை மாத்திரை இப்போ சமையல்கட்டு அலமாரியில இல்ல, பூசைக்கு உடுத்துற சாரி மடிச்சு வச்சிருக்கற டிரங்குப் பெட்டியில இருக்கு. அந்தப் பெட்டி வாரத்துக்கு ஒரு தடவதான் தொறக்கும். "சாரி எடுக்கும்போது மாத்திரை கையில தட்டும், மத்த நாளு நெனச்சாலும் எடுக்க மாட்டேன், எட்டத்துல வச்சிருக்கேன்"னாங்க.

கார்த்திகை பூரா அக்காவுக்கு கஷ்டம்தான். ரத்த எண்ணிக்கையும் கிட்னியும் சரியாகற வரைக்கும் மெத்தோட்ரெக்ஸேட் நிறுத்தம், கொஞ்சமா ஸ்டீராய்டு மட்டும், கை அவுர பத்து மணியாச்சு, நல்லா பால் எறங்கற நாளெல்லாம் மோன் வெட்டினான், அவன் வெட்டு ஆழமா விழுந்து ரெண்டு மரத்துக்குக் காயம், அதுக்கு விளைக்காரர்கிட்ட பேச்சு வாங்கினான். டிசம்பர் நடுவுல டெஸ்ட்டு பாத்துட்டு டாக்டர் 7.5ல திரும்ப ஆரம்பிச்சாங்க, மூணு 2.5 மாத்திரை. இப்ப எண்ணும் மாறிப்போச்சு, அதனால மருமகள ஒக்கார வச்சு அட்டையப் பத்து தடவ காட்டிக் கேட்டுட்டுத்தான் பெட்டியில வச்சாங்களாம்.

நேத்து காலைல பனி எறங்கி எங்க கடை ஷட்டரெல்லாம் ஈரம். அக்கா மெசேஜ் ஏழே முக்காலுக்கு வந்துது, பின்னால கோழி கூவுது.

"கை அவுந்துட்டு. தேங்கா அரை முறி."

கிளார்க்கு அண்ணன் ஒரு நிமிசத்துல: "பெரிய தேங்காயா, சின்னதா?"